என் நம்பரில் ஊரார் தேன்



அழகர்கோவில் பக்கம் பெட்டி வைத்துத் தேன் எடுத்து விற்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். பாட்டிலில் ஒட்டும் லேபிள் தீர்ந்துபோனதால், இன்று காளவாசலில் வழக்கமாக அடிக்கும் பிரிண்டிங் கடைக்குப் போனேன்.

கம்ப்யூட்டரில் வேறு யாருடைய தேன் லேபிளோ திறந்திருந்தது. பெயர் வேறு, ஊர் பரவை. கீழே இருந்த உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் மட்டும் என்னுடையது.

“அண்ணே, இது என் நம்பருல்ல?”

“ஆமாம்மா. நம்பர் இல்லாம வாரவுகளுக்கு ஒங்க நம்பரத்தான் போட்டுக் குடுக்குறேன். இல்லாட்டி கடையில எடுக்க மாட்டேங்குறாக.”

“எம்புட்டுப் பேருக்குண்ணே?”

“அத யாரு எண்ணுனா?”

 என் நம்பரை ஒட்டியவர்களில் ஒருவர் சர்க்கரைப் பாகைத் தேனென்று விற்று மாட்டினால், அதிகாரிகள் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு, நேரே உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தேன். கடையிலிருந்து நான் கிளம்பும்போது கடைக்காரர் கேட்டது: “அப்ப லேபிள் வேணாமாம்மா?”

என் எண் படத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டுத் தேன் பாட்டிலைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்துக் கமெண்டில் சொல்லுங்கள். எனக்கு எத்தனை பங்காளிகள் என்று எனக்கே தெரியவில்லை.