பாடைக்குப் பிறகு ஒரு சிரிப்பு

தேவானை பேயாக நடித்தவள். படத்தைப் பார்த்து அலறிய மெட்ராஸ்காரர்களுக்கு அது தெரியாது. டைட்டிலில் வந்தது கதாநாயகியின் பெயர். தலைமுடியை முகத்தில் இறக்கிவிட்டுக் கிணற்றிலிருந்து ஏறி வந்தது, மாமரத்தில் தலைகீழாகத் தொங்கியது எல்லாம் ஊரூர் குப்பத்துத் தேவானை. அந்த முடியைக் கட்டிவிட்டவள் நான். கம்பெனியில் எனக்குச் சிகையலங்கார வேலை. கூட இருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் படம் ஓடு ஓடென்று ஓடியது. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த தயாரிப்பாளர் சிதம்பரநாதனை ஆசை விடவில்லை. எழுபத்து மூன்றாம் வருஷம் இரண்டாம் பாகம் எடுக்கக் கிளம்பினார். பேயைத்தான் முதல் பாகத்திலேயே எரித்துச் சாம்பலாக்கிவிட்டோமே என்று ஒருவரும் கேட்கவில்லை. அடையாற்றில் ஒரு பழைய பங்களா பிடித்தார்கள். பூஜை போட்ட வாரமே டைரக்டர் கோபித்துக்கொண்டு போனார். அடுத்து வந்தவர் கதையை மாற்றினார். மழை சுடுகாட்டு செட்டைக் கரைத்தது. போதாக்குறைக்கு பிலிம் தட்டுப்பாடு வேறு. கேமரா ஓடும் சத்தம் கேட்டாலே சிதம்பரநாதன் ஓடி வந்துவிடுவார்.

"துணின்னா மிச்சத் துண்டக் கைக்குட்டைன்னாவது வித்துருவேன். வீணாப்போன பிலிம என்னய்யா செய்ய?" என்று கத்துவார்.

இந்த லட்சணத்தில் புது டைரக்டருக்குப் பாடையில் ஒரு பிணம் வேண்டியிருந்தது. கதாநாயகி முடியாதென்றுவிட்டார். கூப்பிடு தேவானையை!

அவளும் தயங்கினாள். பேயாக ஆட அவளுக்குப் பயமில்லை. பாடையில் படுப்பது வேறு. அவள் புருஷன் எத்திராஜ் கட்டுமரத்தில் போகிறவன். அவன் கடலில் இருக்கும்போது இவள் இங்கே சாவுக்கோலம் பூண்டால் அது அவன் தலையில் விடியும் என்று நம்பினாள்.

சினிமாவில் இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. பிணமாக நடித்தவரை உடனே எழுப்பி உட்காரவைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி அதையும் எடுத்துவிடுவார்கள். படத்தில் அது வராது. ஆனால் கடைசியாகப் பிலிமில் பதிவது உயிருள்ள முகமாக இருக்க வேண்டும். அந்தச் சிரிப்பை எடுப்பதானால் படுக்கிறேன் என்றாள் தேவானை.

கேமராமேன் பொன்னுரங்கம் முன்னால் வந்தார். தேவானைக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அவள் மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமனாக மடியில் வைத்துக்கொண்டவர் அவர்தான்.

"நான் எடுக்குறேன் தங்கச்சி. எத்திராஜ் எனக்கு மச்சான் இல்லியா? தகிரியமா படு" என்றார்.

படுத்தாள். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு. ஷாட் முடிந்ததும் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். கேமரா ஓடியது. வாய்நிறையச் சிரித்தாள். அன்று அவள் வீட்டுக்குப் போன நிம்மதி எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் கதாநாயகி இறங்கி வந்தார். தன் முகம் பாடையில் தெரியாவிட்டால் படத்தை வாங்க ஆளில்லை என்று அவருக்கு யாரோ புத்தி சொல்லியிருந்தார்கள். அவருடைய ஷாட் முடிந்தது. பொன்னுரங்கம் புது பிலிம் மாட்டச் சொன்னார். "இப்ப எதுக்குய்யா?" என்று சிதம்பரநாதன் எகிறினார்.

"அம்மா சிரிக்கணுமே சார். அவங்களுக்குப் போயி காலி கேமராவ ஓட்ட முடியுமா? அதெல்லாம் தேவானைகிட்டதான் செல்லும்."

தூணுக்கு இந்தப் பக்கம் தேவானை என் முன்னால் உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாது. சவுரியைப் பாதி கட்டியிருந்தேன். அப்படியே எழுந்து ஓடினாள். வெள்ளைப் பூச்சோடு, வெறுங்காலோடு, நடுரோட்டில். பின்னாலேயே நானும் ஓடினேன். சிதம்பரநாதன் ஏமாற்றியிருந்தால் எனக்கு இவ்வளவு கொதித்திருக்காது.

கரையில் கட்டுமரங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. எத்திராஜ் வலையைத் தோளில் போட்டபடி இறங்கி வந்தான். இவளைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"இன்னாமே இது, பட்டப்பகல்ல பேய் வேசத்தோட ஓடியாந்துகினு கீற?"

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அவன் உயிரோடு வந்த சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். அழுகை நிற்கவே இல்லை; பொன்னுரங்கம் செய்ததற்குத்தான் அழுகிறாள் என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

பேய் வராமல் இரண்டாம் பாகம் ஏது? ஷூட்டிங் நின்றது. மறுநாள் காலை சிதம்பரநாதன் பொன்னுரங்கத்தைக் குப்பத்துக்கு அனுப்பினார். நானும் போனேன். தேவானை குளித்துவிட்டு ஈரத்தலையோடு வாசலில் நின்றாள்.

"எத்திராஜ் நல்லாத்தானே கீறான்? அப்பறம் இன்னா தங்கச்சி கோவம்? பிலிம் இல்ல, நான் இன்னா பண்றது?" என்றார் பொன்னுரங்கம்.

"இல்லன்னு எங்கையில சொல்லியிருந்தா நான் படுத்தே இருக்க மாட்டேன். அது தெரிஞ்சுதானே சொல்லல?"

உள்ளேயிருந்து குழந்தை "மாமா" என்று ஓடி வந்தது. தேவானை அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அவுரு நல்லாத்தான் கீறாரு. நீங்க கெளம்புங்க, சார்" என்றாள்.

அதுவரை அவள் அவரை அண்ணே என்றல்லாமல் வேறெப்படியும் கூப்பிட்டதில்லை.