மருந்து டின்

சங்ககிரிப் பக்கத்தில் பருத்தி வைத்திருந்த சென்னியப்பன்தான் 1978இல் அந்த ஊர் இளைஞர் மன்றத்தின் செயலாளர். ஊருக்கே புத்தி சொல்கிற மனிதர். பஸ் நிற்கும் இடத்தில் மன்றத்துக் கரும்பலகை இருந்தது. அதில் விவசாயச் செய்தியும் சுகாதாரச் செய்தியும் முத்து முத்தாக எழுதிவிட்டுத்தான் தினமும் பருத்திக் காட்டுக்குப் போவார். அன்று காலை எழுதியது: "பூச்சிமருந்து டின்னைக் கழுவிப் புழங்காதீர். நசுக்கிப் புதைப்பீர்."

மத்தியானம் சோற்றுக்கு வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அடுப்போரம் அவருடைய மருந்து டின் இருந்தது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளத்த அதில் கடலையெண்ணெய் நிறைந்திருந்தது.

"ராமாயி, இந்த எண்ணெயில ஏதாச்சும் சுட்டயா?"

"பாப்பாளுக்கு ரெண்டு பணியாரம் சுட்டுக் குடுத்தனுங்க. ஏனுங்க?"

மூன்று வயது மகள் மாட்டுக் கொட்டகை ஓரம் வாயில் நுரை தள்ள, கைகால் வெட்டி இழுக்கக் கிடந்தாள். தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். முதலில் வந்த லாரியை நடுரோட்டில் நின்று மறித்தார்கள். அதிலேயே ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

பொழுது சாயும் நேரத்தில், "பிழைச்சுக்கும்" என்றார் டாக்டர். அதுவரை அடக்கிவைத்த ஆத்திரமெல்லாம் மனைவிமேல் பாய்ந்தது.

"அத்தனை பெருசா எழுதி வெச்சிருந்தனே, உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

ராமாயி முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

"அந்தப் பலகைக்குக் கோவைத் தழையும் கரியும் அரைச்சுக் கருப்புப் பூசிக் குடுக்கறதே நான்தானுங்க. எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும். அதுல என்ன எழுதறீங்கன்னு ஒரு நாளாச்சும் எங்கிட்ட வாயால சொன்னீங்களா?"