படையலில் இருந்த அரம்

மலாயாவில் பாலோ ரயில் நிலையத்துக்கு எதிரே ஐயாசாமிக்கு ஒரு சைக்கிள் கடை இருந்தது. அடுத்த கடையில் துணி தைத்துக்கொண்டிருந்தவன் நான். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவ வந்த மனிதர், சீனன் ஒருவனிடம் தொழில் கற்றுக்கொண்டு தனிக்கடை போட்டார். பிடிவாதக்காரர். விழுந்து அடிபட்ட சைக்கிள் வந்தால் முதலில் முன்கழுத்துக்குக் கீழே உள்ள குழாயை நகத்தால் தடவுவார். பெயின்ட் சுருங்கியிருந்தால் அரத்தை எடுத்து இரும்பு தெரியும்வரை சுரண்டுவார். விரிசல் தெரிந்தால் அவ்வளவுதான், சைக்கிளைத் திருப்பித் தரமாட்டார். இனி யாரும் ஏறாதபடி பிரேமைக் கழற்றி உத்தரத்தில் மாட்டிவிடுவார். அதற்காக அவரிடம் சண்டைக்கு வராதவர்கள் தோட்டத்தில் குறைவு. நானே ஒருமுறை சண்டைக்குப் போயிருக்கிறேன்.

முப்பத்தொன்றாம் வருடம் ரப்பர் விலை படுத்துவிட்டது. வேலையில்லாதவர்களைத் தோட்டங்கள் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. வேலு, ரயிலில் வரும் தோட்டத்துத் தபால் பையைத் தூக்குகிறவன். சைக்கிள் இருந்தால்தான் அந்த வேலை. அது போனால் அவனுக்கும் கப்பல்தான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மழைச் சறுக்கலில் ஒரு மரத்தில் மோதினான். மறுநாள் காலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஐயாசாமி அப்போதுதான் படையல் போட்டு முடித்திருந்தார். சுத்தியல், திருகுச்சாவி, அரம் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வாழையிலையில் இருந்தன. நான் பொரி தின்றுகொண்டிருந்தேன்.

ஐயாசாமி குனிந்து குழாயைத் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"பெயின்ட் சுருங்கியிருக்குடா. சுரண்டிப் பாக்கணும். இன்னிக்கு சாமானத் தொடக் கூடாது. நாளைக்கு வா."

"துரை காத்துக்கிட்டு இருப்பாருண்ணே. ரயில் வர்ற நேரம். இன்னிக்கு ஒரு நாள் ஓடாதா?"

அவர் இலையில் கிடந்த அரத்தைப் பார்த்தார். பார்த்ததை நானும் பார்த்தேன். எடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். பொரியைத்தான் மென்றேன்.

"மெதுவாப் போ. இறக்கத்துல இறங்கித் தள்ளிக்கிட்டுப் போ."

ஹேண்டிலில் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். வேலு அதை நசுக்கிக்கொண்டு சிரித்தபடி போனான்.

பையை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பாலத்து இறக்கத்தில் சைக்கிளின் கழுத்து ஒடிந்தது. அவன் இறங்கித் தள்ளவில்லை. ரயில் தாமதமாக வந்ததால் அவசரம். தலை பாலத்துக் கல்லில் மோதி அங்கேயே முடிந்துவிட்டான்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவன் மனைவி கருப்பாயி ஒடிந்த பிரேமைச் சுமந்துகொண்டு வந்தாள். பின்னால் பிள்ளை வந்தது. பிரேமைக் கீழே வைத்து, குழாய் ஒடிந்த வாயைக் காட்டினாள்.

"இந்தப் பக்கம் பழுப்பா இருக்கு. இந்தப் பக்கம் பளிச்சுன்னு இருக்கு. ஏண்ணே?"

ஐயாசாமி பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு என்ன தெரியும்?

"பழுப்பா இருக்கிறது பழைய விரிசல், உள்ளயே துரு ஏறியிருக்கு. மத்தது அன்னிக்கு ஒடிஞ்சது."

"அப்ப அன்னிக்கே தெரிஞ்சிருக்குமா?"

"அரத்த எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"ஏன் எடுக்கல?"

"படையல்ல இருந்துச்சு."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எங்கள் இருவருக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எடுத்திருந்தா சாமி என்ன செஞ்சிருக்கும்ண்ணே?"

ஐயாசாமி குனிந்து ஒடிந்த பிரேமைத் தூக்கிக்கொண்டார். சாமியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறை எங்களுடையது.

அடுத்த மாதக் கப்பலில் தோட்டத்து ஆபீஸ் அவளையும் பிள்ளையையும் ஏற்றிவிட்டது. அந்தப் பிரேமை ஐயாசாமி உத்தரத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் மாட்டினார். மறுவருடம் படையலுக்கு எல்லாச் சாமானையும் வைத்தார். அரம் மட்டும் அன்று முழுவதும் அவர் இடுப்பில் இருந்தது. யாரும் சைக்கிள் கொண்டுவரவில்லை.