தண்ணீரில் சோதிக்காத தொட்டி

பட்டறை வட்டாரத்தில் அவருக்குக் காற்றுக்காரர் என்றுதான் பெயர். பெட்ரோலும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம் என்று, தொட்டியில் அடைத்த காற்றாலேயே மூன்று சக்கர வண்டியை ஓட்டிக் காட்டிய வெல்டர். மூளை தங்கம், கைதான் சனியன்! மனைவி மேல் அது இரண்டு முறை பாய்ந்திருக்கிறது. "இன்னொரு தடவை கை பட்டுச்சு, இந்த வாசப்படியே மிதிக்க மாட்டேன்" என்று அவள் சொல்லி மூன்று வருடமாகிறது. அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு காலத்தை ஓட்டினார்.

தொட்டி விஷயத்தில் மட்டும் மனிதர் மகா பொறுமைசாலி. பற்றவைத்ததும் முதலில் தண்ணீரை நிரப்பி அழுத்திப் பார்ப்பார். பற்றவைத்த பற்று விட்டுப்போனால் தண்ணீர் பீய்ச்சும், அவ்வளவுதான். அதுவே காற்றென்றால் பக்கத்தில் நிற்பவனைப் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும்.

அன்று வண்டியைப் பார்க்க ஆள் வருவதாக இருந்தது. அவர் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் மச்சினன், அவசரக்குடுக்கை, புதுத் தொட்டியில் நேராகக் காற்றை ஏற்றிவிட்டான். போதாததற்கு, தொட்டிக்கு மேலிருந்த இருக்கையில் அக்காவை உட்காரவைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தான்.

"தண்ணி விட்டுப் பாத்தியாடா?"

"அதுக்கெல்லாம் நேரம் எங்க மாமா இருக்கு?"

ஸ்பேனரால் விழுந்தது ஒன்று. மச்சினன் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டான், விரலிடுக்கில் ரத்தம். அடுத்த நொடி மனைவியின் கூந்தலைப் பற்றி இழுத்துத் தள்ளினார். இரும்பு மேசையில் மோதி அவள் உதடு கிழிந்தது. பாய்ந்து வால்வைத் திறந்தார். காற்று அலறிக்கொண்டு வெளியேற, குழாய் பனிக்கட்டியாய்க் குளிர்ந்து, அவர் உள்ளங்கைத் தோல் அதில் ஒட்டி உரிந்தது.

அவள் பையை எடுத்தாள்.

"ஐயோ, நில்லு! இதப் பாத்துட்டுப் போ!"

உரிந்த கையோடே தொட்டியில் தண்ணீரை நிரப்பி அழுத்தினார். அழுத்தமானியில், மச்சினன் ஏற்றிய அளவுக்கு மேல் முள் ஒரே ஒரு கோடு நகர்ந்தது. படாரென்று பற்று கிழிந்து, தண்ணீர் மூவரையும் நனைத்தது.

"பாத்தியா? செத்திருப்ப!"

அவள் கிழிசலைப் பார்த்தாள். வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள்.

"தம்பிகிட்ட கேட்டீங்களே, அது எனக்கும் காதுல விழுந்துச்சு. இறங்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே இறங்கியிருப்பேன்."

போகாதே என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கைதான் அவள் பக்கம் நீண்டது. அவள் சட்டென்று முகத்தை மறைத்துக்கொண்டு பின்வாங்கினாள். பிறகு தம்பியைத் தாங்கிப் பிடித்தபடி தெருவில் இறங்கினாள்.