தலை மட்டும், ஒரு காப்பி

சமயநல்லூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. முதியோர் பணத்துக்குப் புதிதாகப் படம் கொடுக்க வேண்டும் என்றார்களே என்று போன வாரம் அங்கே போயிருந்தேன். கடையில் இருந்த பெண்பிள்ளை என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, "கொஞ்சம் நிமிந்து பாருங்க அப்பத்தா" என்றது. நிமிர்ந்து பார்ப்பது எனக்கு இந்த வயதிலும் வராத காரியம். எப்படியோ எடுத்து முடித்தது. பெட்டி கொஞ்ச நேரம் கரகரவென்று இரைந்தது, வரிசையாக என் முகங்கள் வெளியே வந்தன. கையில் வாங்கினால் சூடாக இருக்கிறது, கல்லிலிருந்து எடுத்த தோசை மாதிரி.

"இன்னொரு சீட்டு போடவா அப்பத்தா? போனுக்கும் அனுப்பி விடுறேன்."

"யாருட்டயும் கேக்க வேணாமா தாயி?" என்று எனக்கு வாயில் வந்துவிட்டது.

அது சிரித்தது. "யாருட்ட கேக்கணும்? உங்க மூஞ்சிதான?"

எனக்கும் சிரிப்பு வந்தது. எதற்கென்று அதற்கு எங்கே தெரியும். வீட்டுக்கு வருகிற வழியில் அந்தப் படத்தை மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. எனக்குத் தெரிந்த படம் புளித்த கஞ்சி மாதிரி ஒரு வாடை அடிக்கும். ஸ்டுடியோக்காரர் கை, சட்டை, அவர் கொடுக்கிற காகிதக் கவர் எல்லாம் அதே வாடைதான். அப்படி வாடையோடு நான் வாங்கிய படம் வாழ்க்கையில் ஒன்றே ஒன்று. அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், முன்னே பின்னே இருந்தால் நீங்களே சரி பண்ணிக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். வாடிப்பட்டிக்கும் சமயநல்லூருக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில் இருந்தோம். சொந்தமாகக் கையகல நிலம் கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் நடவு வேலை, வராவிட்டால் மண் சுமக்கப் போவோம். நடவில் நானும் ஆத்தாவும் எப்போதும் ஒரே கூட்டு. ஆத்தா என்றால் என்னைப் பெற்றவள். கல்யாணம் ஆகி உள்ளூரிலேயே இருந்ததால் எனக்கு அந்த வசதி.

ஒருநாள் நட்டுக்கொண்டிருக்கும்போது வாடிப்பட்டி உரக்கடை முதலாளி வரப்பில் வந்து நின்றார். கூடவே பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, கழுத்தில் பெட்டி தொங்க, ஒரு போட்டோக்காரர். எதற்கு என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எனக்கானால் கூச்சம் தாங்கவில்லை. ஆத்தாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். சேற்றில் கால் வழுக்கியது. விழாமல் இருக்க அவள் தோளைப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் பெட்டி 'டிக்' என்றது.

தை மாதம் உரக்கடை காலண்டர் வந்தபோது டீக்கடைச் சுவரில் நாங்கள் தொங்கினோம். பச்சை மையில் அச்சடித்திருந்தார்கள். நடுவில் ஆத்தா, வாய் கொள்ளாத சிரிப்பு, முன் பல் இரண்டு இல்லாதது அப்படியே தெரிகிறது. இந்தப் பக்கம் எங்களோடு நடவுக்கு வரும் பேச்சியக்கா, அந்தப் பக்கம் இன்னும் மூன்று பேர். நான் எங்கே என்று தேடினால் ஆத்தா தோளில் சேறு அப்பிய ஒரு கை. அவ்வளவுதான் நான். தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் கடை பேர். ஆத்தா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எம்புட்டு பல்லு போயிருச்சு எனக்கு" என்று மட்டும் சொன்னாள்.

மாசியில் ஆத்தா போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழவில்லை. அதற்கு மேல் அதை எழுத வேண்டாம்.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் படம் வைத்து மாலை போட வேண்டும். வீட்டில் ஆத்தாவின் படம் ஒன்றுகூட இல்லை. அந்தக் காலண்டர்தான் உண்டு. என் வீட்டுக்காரர் அதையே சட்டம் போட்டுவிடலாம் என்று ஆணியில் இருந்து கழற்றி வந்தார். துட்டி கேட்க வந்து உட்கார்ந்திருந்த பேச்சியக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏண்டி, உங்காத்தாளோட சேத்து எங்க நாலு பேருக்கும் மாலை போட்டு அனுப்பிரலாம்னு பாக்குறீங்களா?"

அழுதுகொண்டிருந்த வீட்டில் அன்றைக்குத்தான் முதல் சிரிப்பு. ஆனால் அவள் சொன்னது நியாயம். உயிரோடு இருக்கிறவர்கள் படத்துக்கு மாலை ஏறக்கூடாது. சரி, ஆத்தாவை மட்டும் படம் எடுத்துத் தரச் சொல்லலாம் என்று சமயநல்லூரில் ஒரு ஸ்டுடியோவில் காலண்டரைக் கொடுத்தோம். வந்ததைப் பார்த்தால் முகம் முழுக்கப் புள்ளி. அம்மை வார்த்த மாதிரி இருந்தது, வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அச்சடித்ததைத் திரும்ப எடுத்தால் அப்படித்தான் வரும், நெகட்டிவ் இருந்தால்தான் முகம் கிடைக்கும் என்றார்கள். நெகட்டிவ் என்ற சொல்லே அன்றைக்குத்தான் எனக்கு அறிமுகம்.

காலண்டர் அடியில் பொடி எழுத்தில் ஸ்டுடியோ பேர் இருந்தது. கிழக்கே மதுரைக்குப் பஸ் ஏறினோம். சந்துக்குள் சின்ன ஸ்டுடியோ. நம் பேண்ட்டு மடித்த போட்டோக்காரர்தான். என்னை அடையாளம் தெரியவில்லை. கையை மட்டும் எடுத்தவருக்கு எப்படித் தெரியும்.

"நெகட்டிவ் இருக்கும்மா. ஆனா போட முடியாது. உரக்கடைக்காரரு காசு குடுத்து வாங்கிட்டாரு. வேற யாருக்கும் பிரிண்ட் போட மாட்டேன்னு சொல்லிருக்கேன்."

"எங்காத்தா படம்ண்ணே."

"படத்துல இருக்குறது உங்காத்தா. படம் அவருது." அவர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது. "அவரு சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் போட்டுத் தாரேன்." பெரிய சைசில் போட்டால் என்ன ஆகும் என்று விலையும் சொன்னார். எங்கள் இரண்டு பேருடைய இரண்டு நாள் கூலி. என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அடுத்த நாள் மேற்கே வாடிப்பட்டிக்குப் பஸ். வழியெல்லாம் இவர் சொல்லிக்கொண்டே வந்தார், "நான் பேசிக்கிறேன், நீ சும்மா நில்லு." கடை வாசலில் யூரியா மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. முதலாளி, "என்னப்பா?" என்று கேட்டதும் இவர் தலையைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்தார். நான் கடைப்படியைப் பார்த்தேன். மூட்டை இறக்குகிறவர்கள் எங்களைப் பார்த்தார்கள்.

ஒருவழியாக விஷயத்தைச் சொல்லி முடித்தார். முதலாளி துக்கம் விசாரித்தார். ஆனால் முடியாது என்று தலையை ஆட்டினார். "போன வருசம் நான் செலவு பண்ணி எடுத்த படத்த இன்னொரு கடைக்காரன் அப்படியே போட்டுட்டான்பா. அதுலருந்து ஒரு படமும் வெளிய விடுறதில்ல. உனக்குக் காலண்டரு வேணும்னா நாலு எடுத்துக்க."

"சரிங்க மொதலாளி" என்று இவர் கையை நீட்டிவிட்டார்.

"வேணாங்கய்யா" என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று பார்த்தால் நான்தான்.

எப்படிப் பேசினேன் என்று இப்போதும் தெரியவில்லை. ஆத்தா முதுகு இருந்த வரைக்கும் ஒளிந்துகொண்டேன், இனி எங்கே ஒளிய என்று இருந்திருக்கலாம். "சேறு, நாத்து, கடை பேரு எல்லாம் உங்களுதாவே இருக்கட்டுங்கய்யா. எங்காத்தா மூஞ்சி மட்டும் போதும். அத வச்சு ஒருத்தரும் உரம் விக்க முடியாது."

முதலாளி சிரித்துவிட்டார். "யாரு சொன்னா? ஒங்காத்தா சிரிச்ச சிரிப்புக்குத்தான தாயி இந்த வருசம் அம்புட்டு பேரும் காலண்டரு கேட்டு வாரான்."

"அப்ப அதுக்காவது குடுங்கய்யா."

மூட்டை இறக்குகிறவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். முதலாளி சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன், பார்வையைக் கீழே போடவில்லை. பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'தலை மட்டும், ஒரு காப்பி.'

வெளியே வந்ததும் இவர் சொன்னார், "நானும் அதத்தான் சொல்ல வந்தேன்."

மறுபடி மதுரை. போட்டோக்காரர் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கறுத்த ஆத்தா வெளுத்திருந்தாள். நரைத்த முடி கருகருவென்று இருந்தது. அந்தச் சின்னப் பிலிமில் நான் பிறப்பதற்கு முந்திய ஆத்தாவைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. பேச்சியக்காவையும் மற்றவர்களையும் எந்த இடத்தில் வெட்டிக் கழிக்கலாம் என்று விரலால் அளந்தார். ஆத்தா தோளோடு என் கை வந்தது.

"இந்தக் கைய பிரஷ் வச்சு அழிச்சுரலாம். அதுக்குத் தனியா ஆகும்."

"அழிச்சுருங்க. உயிரோட இருக்கவ கை" என்றார் இவர், காசுக்கு அஞ்சாமல். அந்த ஒரு நேரம் அவர் மேல் எனக்குப் பாசம் பொங்கியது.

நான் வேண்டாம் என்றேன். அவள் தோளை நான்தானே பிடித்திருந்தேன். அதை எதற்கு அழிக்க.

போட்டோக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "விடுங்க அண்ணே, மாலை போட்டா கை மறைஞ்சிரும்" என்றார். அதோடு வழக்கு முடிந்தது.

அப்படியே ஆனது. கருமாதி அன்றைக்குச் செவ்வந்தி மாலை தோள் வரை இறங்கி என்னை மூடிக்கொண்டது. பூ வாடிக் கழற்றியபோது கை திரும்ப வந்தது. பேச்சியக்கா மட்டும் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "எந்தலைக்கும் ஒண்ணு கேட்டுருக்கலாம்ல" என்றாள்.

"உனக்கு இப்ப என்னக்கா அவசரம்? நீ போனப்புறம் வாங்கிக்கிருவோம்."

"போனப்புறம் நான் எப்படிடீ பாக்குறது?"

கேலிக்குத்தான் பேசினோம். இரண்டு நாள் கூலி கொடுத்து யார் அன்றைக்குத் தனக்கென்று படம் போட்டுக்கொள்வார்கள்.

பேச்சியக்கா போய் வெகுகாலம் ஆகிறது. மற்ற மூன்று பேரும் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பிள்ளைகள் என்னிடம்தான் வந்து கேட்டார்கள், அந்தக் காலண்டர் படம் இருக்கிறதா என்று. காலண்டர் தாள்களை அந்த வருசம் முடிந்ததுமே பள்ளிக்கூட நோட்டுகளுக்கு அட்டை போட்டுத் தீர்த்திருந்தோம். பேச்சியக்கா மகன் மதுரைக்கே போய்த் தேடினான். ஸ்டுடியோ இருந்த சந்தில் செருப்புக்கடை. நெகட்டிவ்கள் எங்கே போயின என்று சொல்ல ஆள் இல்லை. உரக்கடையும் கைமாறிவிட்டது. நாங்கள் நட்ட வயலில் இப்போது வீட்டுமனைக் கல் ஊன்றியிருக்கிறார்கள்.

ஆத்தா மட்டும் என் வீட்டுச் சுவரில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். எதைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறார்கள் என்று வருகிறவர்கள் கேட்பார்கள். நான் சொல்வேன். போட்டோக்காரர், "யாரும் என்னையப் பாக்காதீங்க" என்று வரப்பிலிருந்து கத்தினார். "பாக்குறதுக்குன்னே அவரு வந்திருக்காரு, நம்ம பாத்தா மட்டும் குத்தமா?" என்றாள் பேச்சியக்கா. அதற்குத்தான் ஆத்தா சிரித்தாள். சொன்னவள் அவளுக்கு இடப்பக்கம், ஒரு முழம் தள்ளி நின்றிருந்தாள். ஆத்தாவின் கண் அந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. கூடவே நாமும் பார்த்துக்கொண்டு போனால் நடுவில் சட்டம் வந்துவிடுகிறது.