சூளைக்குள் ஒரு முதுகு

என் தங்கச்சியின் பிடிவாதம் ஊரறிந்தது. எங்கள் உடுவில் வீட்டு வளவின் பின்பக்கம் இருந்த மாட்டுக்கொட்டிலை இடித்துச் செங்கல்லில் சூளை கட்டிய நாளிலிருந்து நானும் வாய் ஓயாமல் ஏசிக்கொண்டுதான் இருந்தேன். அவள் சிற்பம் படித்தவள், மண்ணில் மனிதர்களைச் செய்கிறவள். அவளைப் பார்த்து அயலிலுள்ள சில பெட்டைகளும் மண் பிசையத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் தங்கச்சி முகம் மட்டும் செய்யமாட்டாள். வெங்காயம் நடுகிறவளின் முதுகு, சந்தையில் மீன் வெட்டுகிறவளின் முதுகு என்று எல்லாமே முதுகுகள்.

“முகத்தை எல்லாரும் படத்துக்கெண்டு தயார்பண்ணி வைச்சிருக்கினம் அக்கா. முதுகை ஆரும் தயார்பண்ணிறேல்லை” என்பாள்.

கொழும்பில் ஒரு கண்காட்சிக்கு அவளை முதல் தடவையாக அழைத்திருந்தார்கள். ஒரு வருட உழைப்பு முழுவதும் அன்று சூளைக்குள் இருந்தது. விடியுமுன்னே நெருப்பு மூட்டியாகிவிட்டது. பொழுது படும்வரை விடாமல் எரியவேண்டும். இடையில் சூடு இறங்கினால் உள்ளே இருக்கிற எல்லாவற்றிலும் வெடிப்பு விழுந்துவிடும்.

காலைச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து வீட்டில் குளறல் கேட்டது. அந்த வீட்டு அன்ரிதான் ஒழுங்கையிலுள்ள எல்லா வீட்டுக்கும் சட்டை தைத்துக் கொடுப்பவர். தையல் மெஷினில் இருந்தபடியே சரிந்து போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் செத்தவீட்டுக்கு அயலில் சவம் எடுக்கும்வரை அடுப்பு மூட்டமாட்டார்கள். தேத்தண்ணிகூடத் தள்ளியிருக்கும் வீடுகளிலிருந்துதான் வரும். எங்கள் வளவிலோ நெருப்பு கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. புகை வேலியைத் தாண்டிப் போய், பந்தல் போடுகிறவர்களின் தலைக்கு மேலே இறங்கியது.

“நிப்பாட்டடி!” என்றேன்.

“ஏலாது.”

“நாளைக்கு உந்த ஒழுங்கையாலை எந்த முகத்தோடை போறது? அறிவிருக்கோ உனக்கு?”

தங்கச்சி திரும்பிப் பார்க்கவில்லை. கட்டையொன்றை உள்ளே தள்ளிவிட்டு, “அன்ரியும் உள்ளுக்கை இருக்கிறா, அக்கா” என்றாள்.

மத்தியானங்களில் அன்ரி வேலியில் ஆள் நுழையுமளவு இருந்த பொட்டால் வந்துபோனதைக் கண்டிருக்கிறேன். சட்டைத் துணி விஷயமாக்கும் என்று நினைத்திருந்தேன். அவர் வந்தது தங்கச்சிக்கு முதுகு காட்டி இருப்பதற்காம். நெருப்பை நிறுத்தினால் அந்த முதுகு வெடிக்கும். நிறுத்தாவிட்டால், பக்கத்தில் உடம்பு கிடக்க நாங்கள் இங்கே எரித்துக்கொண்டிருப்போம். எது பாவம் என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது.

அன்ரியின் தமையன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அடுத்ததாகப் பொட்டால் நுழைந்து வந்தபோது அவர் கையில் ஒரு வாளி தண்ணீர் இருந்தது.

“சவம் கிடக்கேக்கை என்ன நெருப்பு உங்களுக்கு? நீங்கள் நிப்பாட்டுறியளோ, நான் ஊத்தவோ?”

அந்தச் சூட்டில் ஒரு வாளி தண்ணீர் பட்டாலே உள்ளே எல்லாம் வெடித்துவிடும். தங்கச்சி சூளை வாய்க்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அவளுடைய பாவாடைக் கரை கருகும் மணம் வந்தது. அவர் வாளியைத் தூக்கினார். அவ்வளவு நேரமும் நிறுத்து நிறுத்து என்று கத்திய நான், பாய்ந்து வாளியின் மற்றப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். பாதித் தண்ணீர் எங்கள் இருவரின் கால்களிலும் ஊற்றுண்டது.

அப்போதுதான் அன்ரியின் மகள் வந்தாள். ஒரே பிள்ளை, அச்சுவேலியில் கலியாணம் முடித்திருக்கிறாள். செய்தி கேட்டு வந்து இறங்கியவள், தலைமயிர் அவிழ்ந்தபடி நின்றாள்.

“என்ன நடக்குது இங்கை?”

“அம்மான்ரை முதுகைச் செய்தனான். உள்ளுக்கை வேகுது” என்றாள் தங்கச்சி. “அவ ஒரு மாசமா வந்து இருந்தவ.”

“சட்டையில்லாமலோ?”

“ஓம்.”

நான் கண்களை மூடிக்கொண்டேன். கழுத்தைக் கொஞ்சம் இறக்கித் தைக்கச் சொன்னாலே எங்களைப் பேயே பிசாசே என்று பேசுகிற அன்ரி அவர். தமையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகள் சூளைக்குக் கிட்ட வந்தாள். பிறகு, “அம்மா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை” என்றாள். தலைமயிரை அள்ளி முடிந்தபடி, “மெஷினிலை குனிஞ்சு குனிஞ்சு ஒரு கூன் விழுந்தது. அதுவும் கிடக்கோ?” என்று கேட்டாள்.

“கிடக்கு. வலப்பக்கத் தோள் பதிஞ்சதும் கிடக்கு.”

அவளுக்கு அழுகை வெடித்தது. அழுதபடியே, “வாளியை வையுங்கோ மாமா” என்றாள்.

அவர் வாளியை நிலத்தில் எறிந்துவிட்டுப் போனார். போகிறபோது எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பின்னேரம் பறை முழங்கச் சவம் எடுத்தார்கள். தமையனின் மகன் கொள்ளி வைக்கப் போனான். எங்கள் ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, ஒழுங்கை முடக்கோடு நின்றுவிடுவார்கள். பறைச் சத்தம் தேயும்வரை மகள் அங்கேயே நின்றாள். மற்றப் பெண்கள் குளிக்கவும் வீடு கழுவவும் திரும்பினார்கள். அவள் மட்டும் வேலிப் பொட்டால் எங்கள் வளவுக்குள் வந்தாள்.

“அங்கை என்னை விடமாட்டினம், அக்கா” என்றாள். “இங்கை ஒரு கட்டை வைக்கவோ?”

தங்கச்சி சூளை வாயை விட்டு விலகினாள். நான் விறகுக் குவியலில் நன்றாகக் காய்ந்த கட்டை ஒன்றாகப் பார்த்து எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.