பத்து எண்ணுவதற்குள்

கொழும்பு வெள்ளவத்தையில், காசு கட்டி நிபுணர்களைப் பார்க்கும் ஒரு செனலிங் சென்டரில் பெண்நோய் நிபுணரின் அறைக் கதவைப் பதினொரு வருடமாகக் காத்து வருகிறவள் இராமலெட்சுமி. நம்பர் கூப்பிடுவது, கட்டில் விரிப்பை மாற்றுவது, பயந்து விறைத்துப் போகிறவர்களின் கையைப் பிடித்து, "வலிக்காதும்மா, எறும்பு கடிச்ச மாதிரி கூட இருக்காது" என்று சொல்வது, எல்லாம் அவள் வேலை. அந்தக் கட்டிலில் அவள் ஒரு நாளும் படுத்தவள் இல்லை. முப்பத்தைந்து வயதில் மிட்வைஃப் தந்த கருப்பை வாய்ப் பரிசோதனைக்கான துண்டுச் சீட்டைச் சீனிப் போத்தலுக்கு அடியில் வைத்தாள். அது அங்கேயே கிடந்து மட்கிப் போனது.

இப்போது நாற்பத்தைந்து. மூன்று மாதமாக, மாதவிடாய் முடிந்த பிறகும் இரத்தம் பட்டது. இதைக் கேட்கும்போது டொக்டரின் முகம் எப்படி மாறும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதுதான் வினையாயிற்று, ஒன்றும் தெரியாதவளாக இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அவரிடமே காட்டலாம்தான். ஆனால் தினமும் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிற மனிதருக்கு முன்னால் எப்படிப் போய்ப் படுப்பது?

முகத்துவாரத்தில் அவளுடைய தொடர்மாடிக்கு வரும் மிட்வைஃப் சுதர்சினி இந்த முறை விடவில்லை.

"அக்கா, புதன்கிழமை கிளினிக். சல்லி ஒண்டும் தேவையில்ல. பாக்கிறது பொம்பிள டொக்டர். நீங்க வராட்டி நானே வந்து கூட்டிக்கொண்டு போவன்."

போனாள். கருவி உள்ளே போனதும் கால்கள் தாமாகவே இறுகின. வலித்தது. எறும்புக் கடி என்று சொன்ன வாயைத் தைக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் பத்து எண்ணுவதற்குள் முடிந்தும் விட்டது.

கருப்பை வாயில் சின்னதாக ஒரு சதை வளர்ந்திருக்கிறது என்று சொன்ன டொக்டர், அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்தார். அங்கே அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மூன்று கிழமை அவள் சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்தாள். கடைசியில் முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று, போகிற வருகிறவர்களைப் பாராமல் நன்றாக அழுதாள்.

மறுநாள் செனலிங் சென்டரில் நான்காம் நம்பர், புதிதாகக் கல்யாணமான நஸ்லா, கட்டிலில் விறைத்துக் கிடந்தாள்.

"நோகுமா அன்ட்டி?"

பழைய பதில் நாக்கு நுனி வரை வந்தது. இராமலெட்சுமி அதை விழுங்கினாள்.

"கொஞ்சம் வலிக்கும்மா. பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும். நானும் போன மாசம்தான் இப்பிடிப் படுத்து எந்திரிச்சு வந்தேன். எண்ணுவோமா?"

நஸ்லா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஒண்டு" என்றாள்.